ஆபரேட்டர் தவறாம்!

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து மூன்று மாதம் ஆகிவிட்டது. கேசர் மாம்பழ ரசம் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன், மாம்பழ சீசனே முடிந்தபின் வந்து நிற்கிறேன். ஆணி அதிகம் என்று வழக்கமான சாக்கைச் சொல்லலாம். உண்மை அதுவல்ல. ஒரு விஷயம் மனசை அறுத்துக்கொண்டே இருந்தது. அதைச் சொல்லாமல் வேறு எதையும் எழுதக் கை வரவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர் என்றால் கட்டாயம் படியுங்கள்.

குஜராத்துக்கு வந்து 22 வருடம். ஊருக்குப் போனால் "அங்க என்னப்பா வேலை?" என்று கேட்பார்கள். "ஃபாக்டரியில இன்ஜினியர்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். உண்மையில் நான் கட்டி மேய்ப்பது ஹீட் எக்ஸ்சேஞ்சர்களை. தமிழில் வெப்பமாற்றி. பயந்துவிடாதீர்கள், எல்லோர் வீட்டிலும் நடக்கிற விஷயம்தான். குழந்தைக்குப் பால் ஆறவில்லை என்றால் டம்ளரோடு தண்ணீர்ப் பாத்திரத்தில் வைப்போம் அல்லவா? பாலும் தண்ணீரும் கலப்பதில்லை. டம்ளர் சுவர் வழியாகச் சூடு மட்டும் இடம் மாறுகிறது. அதுதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர்.

ஃபாக்டரியில் அதுவே ஒரு பெரிய இரும்பு உருளை. அதற்குள் நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள், சிலவற்றில் ஆயிரத்துக்கு மேல். பெரும்பாலும் முக்கால் அங்குலமோ ஒரு அங்குலமோ விட்டம். குழாய்ச் சுவரின் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர். குழாய்க்குள் ஒன்று ஓடும், வெளியே இன்னொன்று ஓடும். ரிஃபைனரியில் கச்சா எண்ணெய் உலைக்குள் போகும் முன்பே, வெளியே வருகிற சூடான டீசல் போன்றவற்றிடமிருந்து சூட்டை வாங்கிக்கொண்டு 250 டிகிரியைத் தொட்டுவிடும். இந்த ஏற்பாடு இல்லை என்றால் அத்தனை சூட்டையும் எரிபொருள் எரித்தே உண்டாக்க வேண்டும். எரிபொருள் பில்லில் கம்பெனி போண்டியாகிவிடும்.

இதற்கு ஒரே ஒரு நோய் உண்டு, அழுக்கு. நம் காலனி போர் தண்ணீரில் இரண்டு வருடம் ஓடிய கீசரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெள்ளைவெளேரென்று உப்பு அப்பியிருக்கும். எங்கள் குழாய்களிலும் அதேதான், கூடவே சேறும் பாசியும். படிவு ஏற ஏற சூடு கடக்காது. அதைவிட மோசம், படிவுக்கு அடியில் இரும்பு சத்தமில்லாமல் அரித்துக்கொண்டு போகும். ஒரு நாள் ஊசி முனையளவு ஓட்டை விழும். மருந்தும் ஒன்றுதான். யூனிட்டை நிறுத்தி, குழாய்க் கட்டை வெளியே இழுத்து, உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவி, சோதித்து, திரும்பப் பொருத்த வேண்டும். அதற்கு நாள் வேண்டும், பணம் வேண்டும். உற்பத்தியும் நிற்கும். வினை அங்கேதான் தொடங்குகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடந்த ஏப்ரலில் நான் வேலை பார்க்கிற இடத்தில் ஒரு கூலரில் குழாய் ஓட்டையானது. சூடான ஹைட்ரோகார்பன் குளிர்நீரில் கலந்து கூலிங் டவர் வரை போய்விட்டது. ராத்திரி இரண்டரை மணி. டவர் பக்கம் ரவுண்ட்ஸ் போன ஃபீல்ட் ஆபரேட்டர் வாசனை பிடித்து வாக்கிடாக்கியில் கத்தினார், யூனிட்டை நிறுத்தினார்கள். யாருக்கும் காயமில்லை. எங்கேயாவது ஒரு பொறி பட்டிருந்தால் நான் இப்போது இரங்கல் எழுதிக்கொண்டிருப்பேன்.

இரண்டு வாரத்தில் விசாரணை அறிக்கை வந்தது. காரணம்: அலாரம் அடித்தும் பேனல் ஆபரேட்டர் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை. ஆபரேட்டர் தவறு. முடிந்தது கதை.

அந்த ஆபரேட்டர் திருவாரூர் பக்கத்துப் பையன். 24 வயது, டிப்ளமோ. பிளான்ட்டுக்குள் "சார்", வெளியே "அண்ணா". பொங்கலுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். அவனுக்கு மெமோ கொடுத்து இன்க்ரிமென்ட்டை நிறுத்தினார்கள். காலனியில் "நைட் ஷிப்ட்ல தூங்கிட்டானாம்" என்று பேச்சு கிளம்பி ஊர் வரை போய்விட்டது. அவன் அம்மா எனக்குப் போன் போட்டார். "சார், நீங்கதான் உண்மையைச் சொல்லணும். எம் புள்ள தூங்கிட்டானா?"

அவன் தூங்கவில்லை. அந்த அலாரம் மூன்று மாதமாக அடித்துக்கொண்டிருந்தது. ஒரு ஷிப்டில் முப்பது நாற்பது தடவை. கூலர் அழுக்கேறி வெப்பநிலை எல்லையிலேயே நின்றுகொண்டிருந்தது. அடிக்கும், அமுக்குவார்கள், திரும்ப அடிக்கும். நான்கு ஷிப்ட் ஆட்களும் அமுக்கினார்கள். எப்போதும் அடிக்கிற மணிக்கு அலாரம் என்று பெயரா?

ஏன் அழுக்கேறியது? முந்தைய வருட ஷட்டவுனை 21 நாளிலிருந்து 14 நாளாகக் குறைத்தார்கள். இந்தக் கூலரைத் திறக்கும் வேலை "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" பட்டியலுக்குப் போனது. குளிர்காலத்தில் கரண்ட் செலவைக் குறைக்க ஒரு குளிர்நீர்ப் பம்பையும் நிறுத்தினார்கள். குழாய்க்குள் தண்ணீர் விநாடிக்கு ஒரு மீட்டராவது ஓட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. வேகம் குறைந்தால் சேறு படியும், படிந்தால் அதன் அடியில் அரிக்கும். அப்படித்தான் ஓட்டை விழுந்தது. இதில் அந்தப் பையன் எங்கே வருகிறான்?

இதில் ஒன்றுகூட அறிக்கையில் இல்லை. அந்த அறிக்கையில் நான்கு கையெழுத்து. ஒன்று என்னுடையது.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி, வெளிநாட்டில் எல்லாம் சரியாக நடக்கும் என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு கதை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் லாங்ஃபோர்டு என்ற இடத்தில் எஸ்ஸோ நிறுவனத்தின் எரிவாயு ஆலை. 1998 செப்டம்பர் 25. சூடான எண்ணெயை அனுப்பும் பம்பு நின்றுபோனது. சூடாகவே இருக்க வேண்டிய ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் குளிர்ந்து, சில பகுதிகள் மைனஸ் 48 டிகிரி வரை போய், மேலே பனி படர்ந்தது. அவ்வளவு குளிரில் அந்த இரும்பு கண்ணாடி மாதிரி நொறுங்கக்கூடியது. இது தெரியாமல் சூடான எண்ணெயைத் திரும்ப விட்டார்கள். பிளந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் காயமடைந்தார்கள். அக்டோபர் 14 வரை மாநிலத்தில் எரிவாயு இல்லாமல் மெல்போர்ன் மக்கள் பச்சைத் தண்ணீரில் குளித்தார்கள்.

கம்பெனி என்ன சொன்னது? அதேதான். அன்று கன்ட்ரோல் ரூமில் இருந்த ஆபரேட்டர் மேல் பழி. அரசு அமைத்த ராயல் கமிஷன் அதை ஏற்கவில்லை. குளிர்ந்தால் இரும்பு நொறுங்கும் என்ற ஆபத்தை ஆபரேட்டர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவே இல்லை என்றது. ஆலையில் இருந்த இன்ஜினியர்களை 1992-லேயே மெல்போர்ன் தலைமை அலுவலகத்துக்கு மாற்றியிருந்தார்கள். பனி படர்ந்தபோது "தொடாதே" என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. 1995-ல் செய்வதாக இருந்த ஆபத்து ஆய்வும் நடக்கவில்லை. 2001-ல் கோர்ட் அந்த நிறுவனத்துக்கு 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

இன்னொன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அனகார்ட்டஸ், டெசோரோ ரிஃபைனரி. 2010 ஏப்ரல் 2, நள்ளிரவு தாண்டிய நேரம். அழுக்கெடுத்த எக்ஸ்சேஞ்சர் வரிசை ஒன்றைத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வரிசையில் இருந்த ஒன்று வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். பல வருடமாக ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து அதை உள்ளுக்குள் பிளந்துகொண்டிருந்தது. அந்த வேலைக்கு வழக்கமாக ஒரு ஃபீல்ட் ஆபரேட்டர் போதும். பிறகு ஏன் ஏழு பேர்? ஒவ்வொரு முறை ஓடவிடும்போதும் அங்கே கசிவது வழக்கம், சமாளிக்கக் கூடுதல் ஆட்களை நிறுத்துவதும் வழக்கம். கசிவைச் சரி செய்யாமல் பக்கத்தில் ஆளை நிறுத்தினார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். போபால் என்றதும் எல்லோருக்கும் விஷவாயு நினைவுக்கு வரும். அந்த ஆலையிலும் ஒரு குளிரூட்டும் அமைப்பு இருந்தது. 610-ஆம் எண் தொட்டியில் இருந்த சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட்டைப் பூஜ்யம் டிகிரியை ஒட்டி வைத்திருப்பதுதான் அதன் வேலை. 1984 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். டிசம்பர் 2 இரவு தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தபோது உள்ளே இருந்த திரவம் குளிராக இல்லை. குளிராக இருந்திருந்தால் வினை மெதுவாகக் கிளம்பியிருக்கும், ஆட்களுக்குக் கொஞ்சம் நேரமாவது கிடைத்திருக்கும். அரசின் முதல் கணக்கிலேயே 2,259 பேர் இறந்தார்கள், பின்னால் அது பல மடங்கானது. யூனியன் கார்பைடு கடைசி வரை சொன்னது என்ன? அதிருப்தி அடைந்த ஒரு தொழிலாளியின் நாசவேலையாம். ஆறு மாதம் முன்பு குளிரூட்டியை நிறுத்தச் சொன்னது எந்தத் தொழிலாளி?

"அப்போ ஆபரேட்டர் தப்பே பண்ண மாட்டானா?" என்று நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்தார். பண்ணுவான். 2008 ஜூனில் ஹூஸ்டன் குட்இயர் ஆலையில், அம்மோனியா ஓடும் எக்ஸ்சேஞ்சரின் பாதுகாப்புத் தகடை மாற்றுவதற்காக ஒரு வால்வை மூடினார்கள். வேலை முடிந்தும் திறக்கவில்லை. மறுநாள் காலை, இது தெரியாமல் வேறு ஷிப்ட் ஆள் இன்னொரு வால்வை மூடிவிட்டு நீராவி விட்டார். அம்மோனியாவுக்குப் போக வழியில்லாமல் வெடித்தது. மறதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஆளின் மறதியில் உயிர் போகிற மாதிரி ஏற்பாட்டை வைத்தது யார்? ஷிப்ட் மாறும்போது "வால்வு மூடியிருக்கு" என்று எழுதி ஒப்படைக்கும் முறை ஏன் வேலை செய்யவில்லை? எல்லோரும் பத்திரம் என்று அறிவித்துவிட்டார்கள். சில மணி நேரம் கழித்துத்தான் இடிபாட்டுக்குள் ஒரு பெண் ஊழியரின் உடல் கிடைத்தது. தலை எண்ணக்கூடத் தெரியாத ஏற்பாட்டை வைத்துக்கொண்டு மனிதத் தவறு என்று எழுதினால் எப்படி?

மனிதன் மறப்பான், களைப்பான், ராத்திரி இரண்டரைக்குக் கண் எரியும். இதெல்லாம் தெரிந்துதானே இயந்திரத்தை வடிவமைக்கிறோம்? தெரிந்த ஒன்றைக் காரணம் என்று எழுதுவது, மழை பெய்ததால் கூரை ஒழுகியது என்பது மாதிரி. ஓட்டைக் கூரையை யார் மாற்றாமல் விட்டார்கள்?

இதனால் நஷ்டம் அந்தப் பையனுக்கு மட்டுமில்லை. ஆபரேட்டர் தவறு என்று எழுதிய அன்றே விசாரணை முடிந்துவிடுகிறது. மெமோ கொடுத்தாயிற்று, கோப்பு மூடியாயிற்று. எங்கள் பிளான்ட்டில் அதே போன்ற கூலர் இன்னும் நான்கு இருக்கிறது. அதே தண்ணீர், அதே சேறு. ஒன்றையும் இன்னும் திறந்து பார்க்கவில்லை. மெமோவால் அழுக்கு போகுமா? அடுத்த தடவை அலாரத்தின் முன்னால் உட்காரப்போவது யார் வீட்டுப் பிள்ளையோ.

என்னைப் போல அறிக்கையில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிற நம்மவர்கள் இங்கே எத்தனையோ பேர் உண்டு. உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். பேனாவை எடுக்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். இதைக் கடைசியாக எப்போது திறந்து சுத்தம் செய்தார்கள்? தள்ளிப்போடச் சொன்னவர் யார்? அலாரம் எத்தனை நாளாக அடிக்கிறது? அதைப் பற்றி யார் யாருக்குச் சொன்னார்கள், பதில் என்ன வந்தது? ஆபரேட்டர் பெயர் அறிக்கையில் வருமானால், வேலையைத் தள்ளிப்போட்டவர் பெயரும் வரட்டும். அந்தக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். என் பெயரும் வரட்டும்.

அந்த அம்மாவுக்கு அன்று நான் சொன்ன பதில், "விசாரணை நடக்குதும்மா, பார்க்கலாம்." கையெழுத்துப் போட்டு நான்கு நாள் கழித்துச் சொன்ன பதில் அது. அந்த வெட்கம்தான் மூன்று மாதமாக எழுத விடவில்லை.

போன திங்கட்கிழமை நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். அந்த அறிக்கையிலிருந்து என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன், விசாரணையைத் திரும்பத் தொடங்க வேண்டும், நான்கு கூலர்களையும் திறந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். முந்தின நாள் ராத்திரி தங்கமணியிடம் காட்டினேன். வீட்டு லோன் இன்னும் ஒன்பது வருடம் பாக்கி, பெண் பன்னிரண்டாம் வகுப்பு. இரண்டு தடவை படித்துவிட்டு, "அந்தப் பையனோட அம்மாவுக்கு முதல்ல போன் பண்ணுங்க" என்றாள்.

பண்ணினேன். "உங்க பையன் தூங்கலம்மா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இதை எழுதிக் கொடுப்பீங்களா சார்?" என்று கேட்டார்.

எழுதிவிட்டேன் அம்மா.

டிஸ்கி: கம்பெனி பெயர் கேட்டு யாரும் மெயில் போடாதீர்கள், சொல்லமாட்டேன். நீங்கள் வேலை செய்கிற இடத்தில் எந்தக் கூலரைக் கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று நாளைக்குப் போய்ப் பாருங்கள், அது போதும். மாம்பழ ரசம் அடுத்த சீசனுக்கு.