முகம் காணா வாணிகம்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் நாம் அலுவல் முடிந்து வீடு திரும்பியபோது, வாசற்படியில் ஓர் இளைஞர் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். சாலைக் கம்போளத்தில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுதும் நமது சங்க அன்பர் ஒருவரின் புதல்வர் அவர்; இந்நகரக் கல்லூரி ஒன்றில் வாணிக இயல் இரண்டாம் ஆண்டு பயில்கிறார். "அண்ணே, அப்பாவிடம் நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும்" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு எழவில்லை.

நடந்தது இதுதான். இணையக் கடையொன்றில் பாடப்புத்தகத்திற்காக 640 ரூபாய் செலுத்தியிருக்கிறார். வங்கிக் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. கடையோ பணம் வரவில்லை என்றது. பதற்றத்தில், அக்கடையின் உதவி எண்ணை இணையத்தில் தேடி, முதலில் கண்ணிற்பட்ட எண்ணை அழைத்தார். இனிய குரலில் பேசிய ஒருவர், "பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம்; பெற்றுக்கொள்வதற்கு உங்கள் இரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்றார். இவரும் அழுத்தினார். தேர்வுக் கட்டணத்துக்கும் தங்கையின் பள்ளிச் செலவுக்குமாகத் தந்தை அவர் கணக்கிற் போட்டு வைத்திருந்த 9,000 ரூபாய் அந்த நொடியிலேயே போயிற்று.

இதில் மனத்தை வருத்துவது யாதெனில், அந்த 640 ரூபாய் நான்காம் நாள் யாரும் கேளாமலே கணக்கிற்கு வந்து சேர்ந்தது. அதைத் தேடப் போய் இழந்த 9,000 ரூபாய்தான் வரவில்லை.

இத்தனைக்கும் இவர் மின்வணிகப் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவர். வணிகரிடமிருந்து வணிகருக்கு, வணிகரிடமிருந்து நுகர்வோருக்கு, நுகர்வோரிடமிருந்து நுகர்வோருக்கு என்று அதன் வகைகளைத் தடையின்றி ஒப்பிப்பார். அந்த வகைகளைக் கற்பதும் வேண்டியதே. எனினும், அவற்றிற்கெல்லாம் அடியில் இருக்கும் ஒன்றைப் பற்றி நம் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். நாம் பட்டம் பெற்றவரல்லர். பத்தாம் வகுப்போடு நின்றவர். ஆயினும் பயணச்சீட்டு விற்கும் இலாகாவில் உத்தியோகம் பார்ப்பதால், இவ்விஷயத்தில் கண்டதும் கேட்டதும் சில உண்டு.

சாலைக் கடைத்தெருவையே முதலில் எடுத்துக்கொள்வோம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாயிருந்த ராஜா கேசவதாசன் காலத்தில் இது உருவாயிற்று என்பர். தமிழ் நாட்டிலிருந்து வந்த வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக இங்கே கடை நடத்துகின்றனர். இங்கே ஒரு படி பயறு வாங்கும்போது நடப்பது என்ன? விற்பவர் முகம் எதிரே இருக்கிறது. பணம் கை மாறுகிறது. சரக்கு பைக்குள் விழுகிறது. பயற்றில் கல் இருந்தால் மறுநாட் காலை அதே கடைப்படியில் நின்று கேட்கலாம். ஆள், பணம், சரக்கு, முறையீடு ஆகிய நான்கும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

மின்வணிகம் இந்த நான்கையும் பிரித்து நான்கு இடங்களில் வைத்துவிட்டது. அதன் அடிப்படை இதுவே என்பது நமது கருத்து. எந்தக் காரியத்திற்கு எந்த வாசலைத் தட்ட வேண்டுமென்று அறிந்தவர் பிழைத்தார். வாசல் மாறித் தட்டியவர் நமது இளைஞரைப் போல் இழந்தார்.

இந்தப் பிரிவினை நேற்று ஏற்பட்டதன்று. 1979-இல் இங்கிலாந்தில் மைக்கேல் ஆல்ட்ரிச் என்பவர் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைத் தொலைபேசிக் கம்பி வழியாகக் கணிப்பொறியோடு இணைத்து, வீட்டிலிருந்தே பொருள் வாங்கும் முறையைக் கண்டார். 1984-இல் அங்குள்ள கேட்ஸ்ஹெட் நகரில் 72 வயது மூதாட்டி ஒருவர் அம்முறையில் முட்டை முதலிய சாமான்களை வீட்டிலிருந்தபடியே வரவழைத்தார். ஆயினும் அந்த அம்மையார் காசு கொடுத்தது சரக்கு வாசலுக்கு வந்த பிறகுதான். முகம் தெரியாதவரிடம் முன்கூட்டிப் பணம் கொடுக்க மனிதர் தயங்குவது எந்நாட்டிலும் இயல்பேயன்றோ?

நம் நாட்டிலும் அத்தயக்கத்திற்கு மருந்து பழையதே. சென்னைப் பதிப்பகத்திலிருந்து வி.பி.பி.யில் புத்தகம் வரவழைத்து, தபால்காரர் கையில் பணம் கொடுத்த குடும்பங்கள் நம்மிற் பல. 2007-இல் பெங்களூரில் புத்தகக் கடையாகத் தொடங்கிய ஃபிலிப்கார்ட், 2010-இல் சரக்கைக் கண்ட பின் பணம் தரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது, அந்த வி.பி.பி. தத்துவத்தைத்தான் புதிய உருவில் கையாண்டது.

இனி நான்கு வாசல்களையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, ஆள். பெரிய இணைய அங்காடிகளிற் பெரும்பாலும் அங்காடி வேறு, விற்பவர் வேறு. சாலைத் தெரு ஒன்று. அதிற் கடைகள் பல அல்லவா? அதுபோலவே இதுவும். பொருளின் படத்திற்குக் கீழே சிறிய எழுத்தில் விற்பவர் பெயர் இருக்கும். அதைப் படியாமல் வாங்குவது, எந்தக் கடையில் வாங்கினோம் என்று அறியாமல் தெருவில் வாங்கியதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, பணம். நாம் அனுப்பும் அட்டை எண்ணும் இரகசியச் சொற்களும் வழியில் எவரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுச் செல்கின்றன. 1970-களில் கணித அறிஞர்கள் கண்டுபிடித்த முறை இதற்கு ஆதாரம். யாரும் பூட்டலாம், உரியவர் மட்டுமே திறக்கலாம் என்ற பூட்டு ஒன்றை ஊரெல்லாம் விநியோகித்தது போன்றது அது. திரையில் தோன்றும் சிறு பூட்டுச் சின்னம் இதையே குறிக்கிறது. ஆனால் பிள்ளைகள் ஒன்றை மறக்கலாகாது. வழி பத்திரமானது என்றுதான் அப்பூட்டுச் சொல்கிறது. வழியின் முடிவில் இருப்பவர் யோக்கியர் என்று அது சொல்வதில்லை. திருடனும் தன் வீட்டுக்கு நல்ல பூட்டுப் போடுவான்.

2009 ஆகஸ்டு முதல், இணையத்தில் அட்டையைப் பயன்படுத்தும்போது இரண்டாவது சரிபார்ப்பு ஒன்றும் வேண்டுமென்று ரிசர்வ் வங்கி விதித்தது. 2016-இல் யு.பி.ஐ. வந்தது, கைபேசியே பணப்பையாயிற்று. அதில் நாம் அழுத்தும் இரகசிய எண் காசோலையில் இடும் கையெழுத்துக்கு ஒப்பானது. பணம் கொடுப்பவர்தான் கையெழுத்திட வேண்டும், பெறுபவர் இடவேண்டியதில்லை. பணம் வாங்குவதற்கு இரகசிய எண்ணைக் கேட்பவர் எவராயினும், எவ்வளவு இனிமையாகப் பேசினும், அவர் மோசக்காரரே. நமது இளைஞர் இந்த ஒரு வாக்கியத்தை அறிந்திருந்தால் 9,000 ரூபாய் தப்பியிருக்கும்.

மூன்றாவது, சரக்கு. இதற்கு நமது ரயில்வேயையே உதாரணமாகச் சொல்லலாம். 2002 ஆகஸ்டு 3-இல் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் பயணச்சீட்டு விற்கத் தொடங்கியது. அக்காலத்தில் சீட்டு அச்சிடப்பட்டுக் கூரியர் வழியாகப் பிரயாணி வீட்டுக்குப் போய்ச் சேரும். சீட்டு வருமுன் வண்டி போய்விடுமோ என்று பலர் அஞ்சியதாக மூத்த அலுவலர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2005-இல் மின்சீட்டு வந்தது. இன்று கைபேசியிற் காட்டினாலே போதும். அப்படியானால் பிரயாணி வாங்கியது எதனை? காகிதத்தையன்று, ரயில்வேயின் கணிப்பொறியில் பத்து இலக்க எண்ணின் கீழ் அவர் பெயருக்குப் பதிவாகியிருக்கும் ஓர் இடத்தை. பதிவே சரக்கு. அத்தகைய மின்பதிவுகளுக்கு நம் நாட்டில் சட்டத்தின் அங்கீகாரம் தந்தது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். ஆகையால் பற்றுச்சீட்டு, உறுதிச் செய்தி, பரிவர்த்தனை எண் இவற்றை அழிக்காமல் வைத்திருப்பது பிள்ளைகளின் கடமை.

இச்சீட்டு விற்பனையில் நம் பொருளுக்கு வேண்டிய மற்றொரு பாடமும் உண்டு. நிலையத்தில் வாங்கிய காத்திருப்புச் சீட்டுக்கு இடம் கிடைக்காவிட்டால், பிரயாணி அதைத் திருப்பிக் கொடுத்தே பணம் பெறவேண்டும். மின்சீட்டில் அதற்கு அவசியமில்லை. பட்டியல் தயாரான பின்னும் அதிலுள்ள ஒருவருக்கும் இடம் கிடைக்கவில்லையென்றால், சீட்டு தானே ரத்தாகி, பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்கிற்கே செல்லும். மின்வணிகத்தில் திரும்பும் பணம் வந்த வழியே திரும்பும் என்பது பொதுவான முறை. அதற்குப் புதிய வழி காட்டுகிறோம் என்று வருபவரை நம்பலாகாது.

நான்காவது, முறையீடு. பணம் கழிந்து கடைக்குச் சேராமற் போனால் என்ன செய்வது என்பதற்கு 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி காலக்கெடு வகுத்தது. அட்டை மூலமோ யு.பி.ஐ. மூலமோ வணிகருக்குச் செலுத்திய பணம் இவ்வாறு தடைப்பட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாள்களுக்குள் அது தானே திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈட்டுத்தொகை உண்டு. நமது இளைஞரின் 640 ரூபாய் நான்காம் நாள் வந்ததன் மர்மம் இதுவே. அவர் செய்ய வேண்டியிருந்தது பொறுத்திருத்தல் ஒன்றுதான்.

சரக்கில் குறையிருந்தால் கடையிடமே முதலிற் கேட்க வேண்டும். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயர், விலாசம், குறைதீர்க்கும் அதிகாரியின் விவரம் ஆகியவற்றைத் தன் தளத்திலேயே காட்டவேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டு ஒரு மாதத்திற்குள் தீர்க்கவேண்டும். உதவி எண்ணை வேறெங்கும் தேடாது அங்கேயே தேடுக. தீரவில்லையெனில் 1915 என்னும் நுகர்வோர் உதவி எண் உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க இடமளிக்கிறது. சொந்த ஊர் ஓரிடமும் பிழைப்பு ஓரிடமுமாக வாழும் நம்மவர்க்கு இது பெரிய அனுகூலம். கடை டில்லியில் இருந்தாலும் முறையீட்டைத் திருவனந்தபுரத்திலேயே செய்யலாம்.

ஏமாற்றப்பட்டாலோ, உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். களவுபோன பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவுமுன் அதனை நிறுத்தி வைக்க வழியுண்டு. நாழிகை செல்லச் செல்ல அவ்வழி அடைபடும். நமது இளைஞர் வெட்கத்தினால் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. பணத்தை இழந்ததிலும் பெரிய பிழை அதுவே. அதில் பெற்றோரின் பங்கும் உண்டு. வீட்டில் ஏச்சு விழும் என்ற அச்சம் இல்லாதிருந்தால் அன்றிரவே சொல்லியிருப்பார். பிள்ளை பணத்தைப் பறிகொடுத்து வந்து நிற்கும்போது முதலில் தொலைபேசியை எடுங்கள். கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அன்றிரவு அவரை அழைத்துக்கொண்டு நாம் தந்தையிடம் சென்றோம். அவர் ஏசவில்லை. நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "தராசு முள்ளைப் பார்க்க இவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன், இதைச் சொல்லிக் கொடுக்க எனக்கே தெரியாதே" என்றார். புகார் பதிவாகியிருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை. தேர்வுக் கட்டணத்தை, அவர் கணக்கெழுதும் கடையின் முதலாளி மறுநாட் காலையிற் கொடுத்தாராம். கைச்சீட்டு எதுவும் எழுதி வாங்கவில்லையாம்.