குங்குமம் படிந்த நோட்டு

சரஸ்வதி பூஜை சமயச் சடங்கல்ல, பண்பாடு. அரசுப் பள்ளியில் அதைக் கொண்டாடுவதை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று சென்ற மாதம் ஓர் இதழ் எழுதியிருந்தது. அந்தப் ‘பண்பாடு’தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

கோவையில் நான் படித்த அரசுப் பள்ளியில் பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் எல்லார் புத்தகங்களையும் வாங்கிப் படத்துக்கு முன்னால் அடுக்குவார்கள். கோட்டைமேட்டு முஸ்லிம் வீட்டிலிருந்து வந்த என் பெஞ்சுத் தோழனின் கணக்கு நோட்டுக்கும் வாத்தியார் பிரியமாகவே சந்தனமும் குங்குமமும் வைத்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் அவன் கட்டைவிரலை எச்சிலில் நனைத்து அட்டையைத் தேய்த்துக்கொண்டே வந்தான். சிவப்பு பரவியதே தவிர, போகவில்லை. நான் பொரி தின்றுகொண்டு உடன் நடந்தேன்.

பூஜை சமயப் போதனையாகாது என்று வாதிடலாம். ஆனால் அரசியல் சாசனத்தின் 28-ஆவது பிரிவு, காப்பாளர் சம்மதமில்லாமல் குழந்தையை வழிபாட்டிலும் பங்கேற்கச் செய்யக் கூடாது என்கிறதே. அந்த வாத்தியார் யாரிடம் சம்மதம் கேட்டார்? கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. ‘பண்பாடு’ என்ற சொல் செய்கிற வேலை அதுதான்.

1968-இல் அண்ணாவின் ஆட்சி, அரசு அலுவலகங்களிலிருந்து சாமிப் படங்களை எடுக்கச் சொன்னது. அதே ஆண்டில்தான் பெரியசாமித் தூரன் தொகுத்த தமிழ்க் கலைக்களஞ்சியம் பத்தாம் தொகுதியோடு முடிந்தது. தூரன் நம் மண்ணின் மனிதர். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்து ஆசிரியர். முருகனையும் அம்பாளையும் உருகி உருகிப் பாடியவர். அந்தப் பக்தர், கலைக்களஞ்சியத்துக்குள் வந்ததும் எல்லாச் சமயங்களையும் அகரவரிசையில் நிறுத்தினார். அந்தத் தொகுதிகளைப் புரட்டும்போதெல்லாம், ஒரு பள்ளிக்கூடம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். மாரியாத்தா நோம்பிக்கு ஏன் கம்பம் நடுகிறார்கள், ரம்ஜான் பிறையை எப்படிப் பார்க்கிறார்கள், ஓணத்துக்குக் கோவையில் ஏன் உள்ளூர் விடுமுறை? எல்லாவற்றையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தரட்டும். கும்பிடுவதை வீட்டுக்கு விட்டுவிடட்டும்.

பள்ளியில் பூஜை வேண்டாம், எல்லாரும் சேர்ந்து வைக்கும் சமத்துவப் பொங்கல் மட்டும் போதும் என்கிற நண்பர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பொங்கலை யார் கிண்டுவது? 2018 ஜூலையில், அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த தலித் பெண்ணை ஆதிக்க சாதியினர் அடுப்படிக்குள் விடவில்லை. அதிகாரிகள் மறித்தவர்களை விட்டுவிட்டு அவரை இடம் மாற்றினார்கள்; போராட்டம் வெடித்த பிறகே உத்தரவு ரத்தானது. அன்று அந்த அடுப்பை மறித்த சாதியும் பண்பாடு என்ற பெயரில்தான் இங்கே காலகாலமாக உலவுகிறது.

யார் சமைத்தது என்று பார்க்காமல், ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே சோற்றைப் பிள்ளைகள் தின்கிற மத்தியானத்தைவிடப் பெரிய நோம்பி அரசுப் பள்ளிக்கு வேண்டியதில்லை. அந்த அடுப்பு மறிக்கப்பட்டபோது வாய் திறக்காதவர்கள், ஒரு சிறுவனின் நோட்டில் குங்குமம் வைக்கும் உரிமைக்காகப் பண்பாடு பேச வர வேண்டாம்.