முன்னால் நிற்கும் பூஜ்யம்

நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே கொடுக்கும் பயிற்சி, ஓர் எண்ணைத் தனித்தனி இலக்கங்களாகப் பிரிப்பது. 3524 என்றால் 3, 5, 2, 4. கண்ணால் பார்த்தாலே தெரிகிறதே என்பார்கள். தெரிவது நமக்குத்தான். கணினி அதை இரும எண்ணாக வைத்திருக்கிறது. பத்தால் வகுத்தால்தான் இந்த நான்கு இலக்கங்களும் வெளியே வரும்.

வகுத்தால் மீதி 4, ஈவு 352. ஈவை மறுபடி வகுத்தால் மீதி 2, ஈவு 35. ஈவு பூஜ்யமாகும்வரை இதே வேலை. இலக்கங்கள் கடைசியிலிருந்து வருவதால் திருப்பி அடுக்கிக்கொள்ள வேண்டும். எண்ணை ஸ்ட்ரிங்காக மாற்றி எழுத்தெழுத்தாக எடுத்துவிடலாமே என்பார் பைத்தான்காரர். தாராளமாக எடுக்கலாம். (குறை எண்ணைக் கொடுத்தாலும் கழித்தல் குறியை மட்டும் நீக்கிவிட்டால் அவர் பாடு நிம்மதி. வகுக்கிறவருக்கோ, -37-க்கு மீதி -7 என்கிறது சி மொழி. பைத்தானோ 3 என்கிறது, ஈவும் -1-லேயே நின்றுபோய் லூப் முடியவே முடியாது.)

நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். கப்ரேகர் 1949-இல் கண்டுபிடித்த விளையாட்டை எழுதிப் பார்த்தால்தான் இந்தப் பயிற்சியின் சூட்சுமம் பிடிபடும். நான்கு இலக்க எண் ஒன்று. எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் அடுக்கி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். 3524 என்றால் 5432 - 2345 = 3087. அடுத்து 8730 - 0378 = 8352. அடுத்து 8532 - 2358 = 6174. இனி எத்தனை முறை செய்தாலும் 6174தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு கழித்தலுக்குள் அங்கே வந்துவிடும்.

2111-ஐக் கொடுத்துப் பாருங்கள். 2111 - 1112 = 999. நம் நிரல் அதில் மூன்று ஒன்பதுகளை எடுத்து, 999-இலிருந்து 999-ஐக் கழித்துப் பூஜ்யம் என்று சொல்லிவிடும். கப்ரேகர் தோற்றுவிட்டார்போலத் தெரியும். தாளில் கணக்குப் போடுகிறவர் 0999 என்று எழுதியிருப்பார். அப்போது 9990 - 0999 = 8991; பிறகு 8082, 8532, கடைசியில் 6174.

ஈவு பூஜ்யமானதும் நிற்காமல், லூப்பைச் சரியாக நான்கு முறை ஓடவிட்டால் கணக்கு நேராகிவிடும். ஸ்ட்ரிங் வழியில் போனவரும் தப்பவில்லை. 999-க்கு அவர் கையிலும் மூன்றே எழுத்துதான், இடப்பக்கம் பூஜ்யம் நிரப்பிக்கொள்ள வேண்டும். 004512 என்று வரும் ஓடிபியை வெறும் எண்ணாகச் சேமித்தால் 4512 ஆகிவிடுவதும் இதனால்தான்.