காய்ச்சல் குறைந்த ஆண்டில்தான் காசு வேண்டும்

இலங்கையில் 1963-ல் பதிவான மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். நோய் ஒழிந்தது என்று நம்பி, வீடு வீடாக டி.டி.டி. தெளிப்பதை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1968, 1969 ஆகிய இரு ஆண்டுகளில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் மலேரியா கண்டது. இந்தியாவின் கதையும் அதுவே. சுதந்திரம் பெற்றபோது ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேரைத் தாக்கியதாக மதிப்பிடப்பட்ட மலேரியா, 1953-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தால் 1965 வாக்கில் ஒரு லட்சமாகக் குறைந்தது. 1976-ல் மீண்டும் 64 லட்சம். பூச்சிக்கொல்லிக்குக் கொசு பழகிப்போனது ஒரு காரணம். நோய் குறைந்ததும் பணமும் அக்கறையும் குறைந்தது இன்னொரு காரணம்.

டெங்குவிலும் அதே தவறைச் செய்துகொண்டிருக்கிறோம். தமிழகத்தில் 2012-ல் 66 பேரும் 2017-ல் 65 பேரும் டெங்குவால் இறந்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் ஆட்சியர்களே தெருவில் இறங்கி ஆய்வு செய்கிறார்கள். புழு இருந்த வீடுகளுக்கு அபராதம் விதிக்கிறார்கள். தெருத்தெருவாகப் புகை அடிக்கிறார்கள். ஆனால், ஏடிஸ் கொசு தன் வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுகிறது. தொட்டியின் உட்சுவரில் ஒட்டிய அதன் முட்டை, நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மழைநீர் பட்டதும் பொரிந்து, ஏழெட்டு நாளில் கொசுவாகிப் பறக்கும். புகை மருந்து கொல்வது பறக்கும் கொசுவை மட்டுமே. முட்டையும் புழுவும் அப்படியே இருக்கும். கோடையிலேயே டிரம்மைத் தேய்த்துக் கழுவ வைப்பதும், பழைய டயரையும் சிரட்டையையும் அப்புறப்படுத்துவதும், கழுவ முடியாத தொட்டியில் அபேட் என்ற புழுக்கொல்லி மருந்தை ஊற்றுவதும்தான் உண்மையான தடுப்பு. இவை யார் கண்ணிலும் படாத வேலைகள். அதனாலேயே நிதி கேட்கும்போது பின்வரிசைக்குப் போய்விடுகின்றன.

இந்த வேலையைச் செய்கிறவர்களை ஊரில் டெங்கு மஸ்தூர் என்கிறோம். பெரும்பாலும் பெண்கள், தினக்கூலிக்கோ ஒப்பந்தத்துக்கோ வேலை பார்க்கிறவர்கள். கொசு வளரும் வேகத்துக்கு ஈடுகொடுக்க, ஒரே வீட்டுக்கு வாரம் தவறாமல் போக வேண்டும். எந்த வீட்டுத் தரைத்தொட்டிக்கு மூடி இல்லை, எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எந்தக் கட்டுமானத்தில் நீர் தேங்குகிறது என்பதெல்லாம் நடந்து நடந்து தெரிந்துகொள்வது. காய்ச்சல் ஓய்ந்ததும் ஆளைக் குறைத்துவிட்டு, அடுத்த மழைக்குப் புது ஆளைத் தேடும் உள்ளாட்சி, அந்த அறிவு முழுவதையும் இழக்கிறது. ஆண்டு முழுவதும் ஊதியம் தருவதைச் செலவு என்று கருதுவது பெரும்பிழை.

குடிநீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை குழாயில் நீர் வரும் ஊரில் தண்ணீரைச் சேமித்து வைக்காதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அங்கே டிரம் இருக்கும். டிரம் இருந்தால் ஏடிஸும் வரும். 15-வது நிதிக்குழு ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டிருந்தது. அப்படி வரும் பணத்தில் அன்றாடம் குழாய்நீர் கொடுத்தாலே கொசு ஒழிப்பில் பாதி வேலை முடிந்துவிடும்.

மின்கட்டணத்துக்கே திணறும் ஊராட்சிகளிடம் கொசுவுக்குத் தனி நிதி கேட்பது நியாயமா என்றால், அவற்றிடம் மட்டும் கேட்பது நியாயமில்லைதான். மாநில அரசு ஏப்ரலிலேயே தனித் தலைப்பில் இந்த நிதியை விடுவிக்க வேண்டும். முந்தைய ஆண்டு நோயாளிகள் குறைந்தார்கள் என்பதற்காக அதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது.

மே 1 அன்று உங்கள் ஊர் கிராம சபை கூடும். இந்த ஆண்டு கொசு ஒழிப்புக்கு எவ்வளவு வந்தது, எத்தனை மஸ்தூர்கள் எத்தனை மாதம் வேலை செய்வார்கள் என்று எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு அப்போது ஐந்து மாத அவகாசம் இருக்கும்.