சைக்கிள் பாதை போட்டால் மட்டும் போதுமா? ரோட்டை கடக்கும் இடத்தில்தான் காத்திருக்குது ஆபத்து!

சென்னை: காலை 8 மணிக்கு எந்த மெயின் ரோட்டில் நின்றாலும் பார்க்கலாம். அரசு கொடுத்த சைக்கிளில் ஸ்கூலுக்கு போகும் பிளஸ் 1 பிள்ளைகள், நைட் டூட்டி முடிந்து வீடு திரும்பும் வாட்ச்மேன், கேன் கட்டிய பால்காரர், மீன்பாடி வண்டிக்காரர். இவர்களுக்கு சைக்கிள் உடம்பு குறைக்கிற சமாச்சாரம் இல்லை. பிழைப்பு.

இவர்களுக்கு ரோட்டோரம் தனி பாதை வேண்டும் என்ற பேச்சு பல வருஷமாக நடக்கிறது. நல்லதுதான். ஆனால் பாதையை எவ்வளவு அழகாக போட்டாலும் ஒவ்வொரு தெருமுனையிலும், சிக்னலிலும் அது அறுந்துபோகும். அந்த 20, 30 அடியை தாண்டுவதற்குள்தான் உயிரை கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

2014-ல் சொன்னது என்ன?

நடப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்களுக்கு என்று 2014-ம் ஆண்டு சென்னை மாநகராட்சி தனி கொள்கை கொண்டு வந்தது. போக்குவரத்து பட்ஜெட்டில் குறைந்தது 60 சதவீதம் இவர்களுக்கே என்று அதில் எழுதப்பட்டது. 2018-க்குள் இவர்கள் யாரும் ரோட்டில் சாகக்கூடாது என்று இலக்கும் வைத்தார்கள்.

2018 வந்தது, போனது. சாவு நிற்கவில்லை. 2022-ல் மட்டும் நாடு முழுக்க சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884 பேர்.

ஒரு செகண்ட் கணக்கு

50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு செகண்டில் 14 மீட்டர் ஓடிவிடும். 30-ல் வந்தால் 8 மீட்டர்தான். குறுக்கே சைக்கிள் வருவதை பார்த்து டிரைவர் பிரேக்கில் கால் வைக்கவே கிட்டத்தட்ட ஒரு செகண்ட் ஆகும். அந்த 6 மீட்டர் வித்தியாசத்தில்தான் ஒரு பிள்ளை பிழைப்பதும் போவதும் இருக்கிறது. ஆக, கடக்கும் இடத்தில் வண்டியின் வேகத்தை குறைப்பதுதான் முதல் வேலை.

வெள்ளை பெயிண்ட் அடித்தால் வேகம் குறையாது. 'மெதுவாக செல்லவும்' போர்டை யாரும் படிப்பதும் இல்லை. ரோட்டையே மாற்ற வேண்டும்.

என்ன செய்யலாம்?

* மேடை கிராசிங்: தெருமுனையில் சைக்கிள் பாதை பள்ளத்தில் இறங்கக்கூடாது. பாதையின் மட்டத்துக்கு ரோட்டை உயர்த்த வேண்டும். சைக்கிள் நேராக போகும். கார்தான் ஏறி இறங்கும். ஏறும்போது வேகம் தானாக குறையும்.

* நடுவில் நிற்க இடம்: ஒரு சைக்கிளின் நீளம் கிட்டத்தட்ட 6 அடி. ஒன்றரை அடி சென்டர் மீடியனில் அதை நிறுத்தினால் முன் சக்கரம் ஒரு பக்கம், பின் சக்கரம் மறுபக்கம் ரோட்டில் நீட்டிக்கொண்டு இருக்கும். கடக்கும் இடத்தில் மட்டுமாவது மீடியன் 7 அடியாவது இருந்தால், பாதி ரோட்டை தாண்டி நின்று, பார்த்து, மீதியை தாண்டலாம்.

* பிரீ லெப்ட்: சைக்கிள் ஓரமாக நேரே போகும். பஸ்ஸோ லாரியோ இடது பக்கம் திரும்பும். பக்கத்தில் ஒட்டி வரும் சைக்கிள் லாரி டிரைவரின் கண்ணுக்கே தெரியாது. திருப்பத்தை குறுக்கினால் வண்டி மெதுவாகத்தான் திரும்ப முடியும். சிக்னலில் சைக்கிள் நிற்கும் கோட்டை வண்டிகளுக்கு முன்னால் போட்டால் டிரைவர் கண்ணில் படும்.

* பார்க்கிங்: கிராசிங்கை ஒட்டி வேனோ ஷேர் ஆட்டோவோ நின்றால் சைக்கிள்காரருக்கு கார் தெரியாது, கார்காரருக்கு சைக்கிள் தெரியாது. அந்த இடத்தில் வண்டி நிற்கவே விடக்கூடாது.

* பைக் நுழையாமல் தடுப்பு: டெல்லியில் 2008-ல் அம்பேத்கர் நகர் - மூல்சந்த் இடையே பஸ் பாதையோடு சைக்கிள் பாதையும் போட்டார்கள். பைக்குகள் உள்ளே புகுந்துவிட்டன. பாதையின் வாயில் கம்பம் நட வேண்டும். அதே நேரம் மீன்பாடி வண்டியும், மாற்றுத்திறனாளியின் மூணு சக்கர வண்டியும் போக இடம் விட வேண்டும். அதனால் கம்பம் மட்டும் போதாது, போலீசும் நிற்க வேண்டும்.

நெதர்லாந்தும் இப்படித்தான் இருந்தது

சைக்கிள் என்றாலே எல்லோரும் நெதர்லாந்தை சொல்வார்கள். அங்கேயும் 1971-ல் சாலை விபத்தில் 3 ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள். அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கி போராடினார்கள். அதன் பிறகுதான் ரோடுகள் மாறின. இன்று அங்கே பல தெருமுனைகளில் சைக்கிள் பாதை மட்டம் மாறாமல் நேராக ஓடுகிறது. கார்தான் ஏறி, நின்று, வழிவிட்டு போகிறது. பணக்கார நாடு என்பதால் தானாக வந்தது இல்லை, ஜனங்கள் கேட்டு வாங்கியது.

கோர்ட் சொல்லியாச்சு

இங்கேயும் கேட்டவர் உண்டு. கோவை எலும்பு முறிவு டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் சுப்ரீம் கோர்ட்டில் போட்ட வழக்கில், 2025 அக்டோபர் 7-ந்தேதி முக்கிய உத்தரவு வந்தது. 50 நகரங்களில் நடைபாதை, கிராசிங் எல்லாவற்றையும் ஆய்வு செய்ய வேண்டும். நடப்பவர்கள், மோட்டார் இல்லாத வண்டிகள் சம்பந்தமாக மாநில அரசுகள் 6 மாதத்தில் விதி வகுக்க வேண்டும் என்று கோர்ட் சொன்னது. மோட்டார் இல்லாத வண்டி என்றால் சைக்கிளும்தான், மீன்பாடி வண்டியும்தான்.

மேடை கிராசிங்குக்கு மேம்பாலம் மாதிரி கோடிக்கணக்கில் கொட்ட வேண்டாம். கொஞ்சம் கல், கொஞ்சம் தார், நாலு கம்பம், ஒரு விளக்கு. பள்ளிக்கூட வாசல் ரோட்டில் இருந்தே தொடங்கலாம். பிள்ளைகள் கையில் இலவச சைக்கிளை கொடுக்கிற அரசுக்கு, அதே சைக்கிளில் அவர்கள் ரோட்டை தாண்டி வீடு வந்து சேர வழி பண்ண வேண்டிய கடமையும் இருக்கிறது. செய்வார்களா?