அமெரிக்காவிலும் சிபாரிசு உண்டு

இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், யாராவது அமெரிக்காவை இழுத்துவிடுகிறார்கள். "அங்கே சிபாரிசு செல்லாது, மார்க் இருந்தால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் ஹார்வர்டில் இடம் உண்டு" என்கிறார்கள். நன்கு படித்தவர்களே இதை நம்புவதுதான் வேதனை. இது பொய்.

ஹார்வர்டின் சேர்க்கைமுறை நீதிமன்றத்துக்குப் போனபோது, அதன் உள்கணக்குகள் வெளியே வந்தன. முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள் விண்ணப்பித்தால் மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. மற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு. பெரும் நன்கொடையாளர்களுக்கு வேண்டியவர்கள் இடம்பெறும் 'டீன் பட்டியல்' என்றே ஒன்று தனியாக இருந்தது. சேர்ந்த வெள்ளை மாணவர்களில் 43 சதவீதம் பேர் வாரிசுகள், இந்தப் பட்டியலில் இருந்தவர்கள், பேராசிரியர் பிள்ளைகள், விளையாட்டு வீரர்கள். சலுகை இல்லையென்றால் அவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு இடம் கிடைத்திராது என்று அந்தத் தரவுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கணித்தார்கள். இது சிபாரிசு இல்லாமல் வேறென்ன?

2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு முடிவு கட்டியது. தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கு இருந்த சிறு கைத்தாங்கல் போயிற்று. அப்பா அதே கல்லூரியில் படித்தவர் என்ற சலுகை மட்டும் அப்படியே நின்றது.

மார்க்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதே ஆண்டு பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவினர் வெளியிட்ட ஆய்வு, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் ஒரே மதிப்பெண் எடுத்த பிள்ளைகளை ஒப்பிட்டது. நாட்டின் உச்ச ஒரு சதவீதப் பணக்காரர் வீட்டுப் பிள்ளை ஹார்வர்ட், யேல் போன்ற கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு, நடுத்தர வீட்டுப் பிள்ளையினுடையதைப் போல இரு மடங்குக்கும் மேல்.

எனக்கு அதிகம் கோபமூட்டுவது, யாரும் பேசாத இன்னொரு ஏற்பாடு. பெயர்பெற்ற பல தனியார் பல்கலைக்கழகங்களில் நவம்பரிலேயே விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் சேர்ந்தே தீருவேன் என்று மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்திட வேண்டும். இந்த வழியில் வருவோருக்கு இடம் எளிதில் கிடைக்கிறது. வசதியுள்ளவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுவார்கள். எந்தக் கல்லூரி எவ்வளவு உதவித்தொகை தருகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தே முடிவெடுக்க வேண்டிய துப்புரவுத் தொழிலாளியின் மகள் என்ன செய்வாள்? உதவி போதாவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்கிறார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அவள் கையில் வேறு கடிதம் எதுவும் இருக்காதே!

வாரிசுகளைச் சேர்ப்பதால் வரும் நன்கொடைதான் ஏழைகளுக்கு உதவித்தொகையாகிறது என்று வாரிசுச் சலுகைக்கு நியாயம் சொல்வார்கள். எம்.ஐ.டி. வாரிசு பார்ப்பதில்லை; அது நொடித்துப்போகவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2009இல் புதிதாகச் சேர்ந்தவர்களில் எட்டில் ஒருவர் வாரிசு. ஏழைகளுக்கான பெல் உதவித்தொகைக்குத் தகுதியுள்ளவர்கள் 9 சதவீதம்தான். 2014இல் வாரிசுச் சலுகையைக் கைவிட்டார்கள். பத்தாண்டுக்குள் வாரிசுகள் 3.5 சதவீதமாகக் குறைந்தார்கள். பெல் மாணவர்கள் 19 சதவீதமானார்கள்.