சாவியைக் கொடுக்குமுன்



மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் கார் உற்பத்தி 2022-ஆம் ஆண்டில் நின்றது. ஆயினும் அந்நிறுவனத்தின் வண்டிகள் நம் ஜி.எஸ்.டி. சாலையில் இன்றும் ஓடுகின்றன. 2015-இல் ‘ஃபிகோ ஆஸ்பயர்’ கார் விற்பனைக்கு வந்தபோது, ‘மைகீ’ என்னும் ஏற்பாடும் அதனுடன் வந்தது. வளர்ந்த பிள்ளைகள் உள்ள இல்லங்கள் அதனை அறிந்துகொள்வது நலம்.

காரின் சாவிக்குள் சிறிய மின்னணுச் சில்லு ஒன்று உண்டு. தன்னை இயக்குவது எந்தச் சாவி என்பதை வண்டி அதனால் அறியும். உரிமையாளர் ஒன்றைத் தலைமைச் சாவியாக வைத்துக்கொண்டு, மற்றொன்றுக்கு வரம்பு விதிக்கலாம். அந்தச் சாவியால் ஓட்டும்போது, குறித்த வேகத்திற்குமேல் வண்டி செல்லாது. பாட்டின் ஒலி அளவை மீறாது. முன்னிருக்கையில் அமர்ந்தோர் வார்ப்பட்டை அணியும்வரை பாட்டே ஒலிக்காது. இவ்வரம்புகளை நீக்கத் தலைமைச் சாவி வேண்டும். ஆகவே, பழைய வண்டி வாங்குவோர் இரு சாவிகளையும் கேட்டுப் பெறுக.

இனி, இதனைப் பயன்படுத்தும் முறை. மகனோ மகளோ அறியாமல் வரம்பு விதித்தால், அது அவநம்பிக்கையாகவே அவர்கள் உள்ளத்தில் தைக்கும். அருகில் அமர்த்தி, ஒவ்வொன்றின் காரணத்தையும் எடுத்துரையுங்கள். எப்போது தளர்த்தப்படும் என்பதையும் அன்றே பேசி முடிவுசெய்யுங்கள். தலைமைச் சாவி கூடத்து ஆணியில் தொங்குமானால் ஏற்பாடு முழுதும் வீண். தந்தையே வார்ப்பட்டை அணியாது ஓட்டுவாராயின், பிள்ளை கற்கும் பாடம் வேறாகிவிடும்.

சாவிக்கும் எல்லை உண்டு. ஓட்டுபவர் கையிலுள்ள கைப்பேசியை அது காணாது. பள்ளி வாயிலில் நாற்பது கிலோமீட்டரும் மிகுவேகம் என்பதை அது அறியாது. அந்த விவேகத்தைப் பெற்றோரே பக்கத்தில் அமர்ந்து பழக்கவேண்டும்.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கோ எந்தச் சாவியையும் தரலாகாது. 2019-இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு நீக்கப்படும். அப்பிள்ளை இருபத்தைந்து வயதுவரை ஓட்டுநர் உரிமம் பெற இயலாது.

கெஞ்சும் பிள்ளைக்கு ‘இல்லை’ என்று சொல்வது கடினமே. எனினும், சில வேளைகளில் அன்பு பேசும் சொல் அதுதான்.